தங்கபாண்டியின் இரண்டு கிலோ

எடை மெசின் எப்படி வேலை செய்கிறது என்று இத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் கேட்டதில்லை. நீங்கள் கேட்டீர்கள், இன்ஸ்பெக்டர் சார். பொறுமையாகவே சொல்கிறேன்.

வியாழக்கிழமை மாலை தங்கபாண்டியின் எடை 64.2 கிலோ. அதன் பிறகு அவன் சாப்பிடவில்லை, தண்ணீர் குடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை அதே மெசினில் ஏறினான். 65.4 காட்டியது. பட்டினி கிடந்தவனுக்கு ஒரே இரவில் ஒரு கிலோ இருநூறு கிராம் கூடியிருந்தது. அன்று மாலை மதுரையில் குத்துச்சண்டைக்கு எடை பார்ப்பார்கள். 63.5-ஐத் தாண்டினால் மேடையேற முடியாது.

"எச்சியக்கூடத் துப்பிட்டேன் சாலமோன் அண்ணே. எப்பிடி ஏறும்?" என்றான்.

"தூக்கத்துல தண்ணி கேட்டிருப்ப. காளீஸ்வரி குடுத்திருப்பா" என்றேன்.

மனைவிக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தான். அவள் சிரித்தாள். "ஆமாண்ணே, அவுக வாயில ஒரு கொடத்தக் கவுத்து ஊத்துனேன். மொதல்ல அந்த மெசினப் பாருங்க. நீங்கதான தராசு மெக்கானிக்கு."

நியாயமான பேச்சு. பாண்டி ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை மெசினில் வைத்தான். 1.0 என்று சரியாகக் காட்டியது. அதற்குப் பிறகு அவனுக்கு அவள்மேல்தான் சந்தேகம். பதினொரு முறை கூப்பிட்டாள். அவன் எடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு மெசினில் பார்த்துவிட்டு வருகிறேன் என்றான். அதை ரிப்பேர் பார்ப்பவனே நான்தான், அது சரியாகக் காட்டாது என்றேன். நம்பினான்.

பாலவனத்தத்திலிருந்து பஸ் ஏறி என்னிடம் வந்தபோது அவனுக்குப் பதினாறு வயது. பஞ்சு குடோனில் மூட்டையைத் தொங்கவிட்டுக் குத்தக் கற்றுக்கொடுத்தேன். எதிராளியின் தோள் அசையும்போதே அடி எங்கே வரும் என்று கண்டுவிடுவான். அடி வந்து சேரும்போது அங்கே இருக்க மாட்டான். பத்தொன்பது வருடம், நாற்பத்தொரு சண்டை. ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அவன் ஜெயித்து வரும் நாளில் அருப்புக்கோட்டையில் பஸ் நகராது.

போன வருட வீடியோவைப் போனில் மெதுவாக ஓடவிட்டுப் பார்த்தேன். அவன் தலை ஒரு கண் சிமிட்டும் நேரம் தாமதமாக விலகுகிறது. மதுரையில் அவனோடு மோத வந்த ஹரியானாக்காரனுக்கு இருபத்திரண்டு வயது. முடிவு எனக்குத் தெரிந்துவிட்டது.

"நிறுத்திக்கிருவமாலே பாண்டி?" என்று கேட்டேன்.

"தோத்தா தோத்துட்டுப் போறேண்ணே. இது ஒண்ண மட்டும் ஆடிட்டு வாரேன்."

அந்தப் பதில் எனக்கு இன்னும் பிடிபடவில்லை. அந்த நாற்பத்தொன்றும் அவனுக்கு மட்டுமே சொந்தம் என்பதுபோலப் பேசினான்.

உடம்பை வற்றவைக்க எங்களிடம் ஒரு வழி உண்டு. பாலிதீன் சட்டை போட்டு, தகரக் கூரைக்குக் கீழே பஞ்சுக் குவியலில் கழுத்துவரை உட்கார வேண்டும். பஞ்சு சூட்டை வெளியே விடாது. ஒரு மணிக்கு அவனுக்கு வியர்வை நின்றுவிட்டது. வியர்வை நின்றால் உடம்புச் சூடு வெளியேற வழியில்லை. நான்தான் அதை எல்லோருக்கும் சொல்லிக்கொடுப்பவன். எழுந்து மெசினில் ஏறினான். 63.7.

"அண்ணே, ஒரு வாய் தண்ணி."

"இன்னும் இருநூறு கிராம்தான்" என்று சொல்லி, சரிந்த பஞ்சைத் தோளுக்கு மேலே ஏற்றிவிட்டேன். முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் விட்டிருப்பேன். அவன் சொல்லவில்லை. இரண்டரை மணிக்கு மூச்சு நின்றது. இனி அவனை யாரும் தோற்கடிக்க முடியாது.

ஆஸ்பத்திரியில் 61.6 கிலோ இருந்தான் என்கிறீர்கள். மெசினுக்கு எடை தானாகத் தெரியாது. தெரிந்த எடை ஒன்றை வைத்து, இதுதான் இருபது கிலோ என்று நாம் சொல்லிக்கொடுக்க வேண்டும். வியாழன் மாலை அவன் வீட்டுக்குப் போன பிறகு, பத்தொன்பது கிலோ நானூறு கிராமை வைத்து இருபது என்று சொல்லிக்கொடுத்தேன். அதிலிருந்து மெசின் ஒவ்வொரு கிலோவுக்கும் முப்பது கிராம் கூட்டிக் காட்டியது. ஒரு கிலோ சர்க்கரையில் அது தெரியாது. பாண்டியிடம் அது இரண்டு கிலோ.