அறுபத்துநாலு காணுமா?

கிண்ணியாப் பாதைப் படகில் ஏறுவதற்கு முன் இராணுவக் காவலரணில் சோதனை வரிசை. எனக்கு முன்னால் ஒரு கணவனும் மனைவியும். அவர் தோளில் பெட்ஷீட்டால் சுற்றிய கம்ப்யூட்டர் பெட்டி இருந்தது. ரேம் கூட்டுவதற்காகத் திருகோணமலைக் கடைக்குக் கொண்டுபோகிறார்கள் என்று பேச்சில் தெரிந்தது.

“இப்ப அறுபத்துநாலு எம்பி போடுவம். காணாட்டி வாற வருசம் கூட்டலாம்.”

“விசரே உங்களுக்கு? ஒரேயடியா நூற்றியிருபத்தெட்டைப் போடுங்கோ.”

“பிள்ளையின்ர படிப்புக்கு அவ்வளவு என்னத்துக்கு?”

“படிப்புக்கில்லை. இந்தச் சென்றியால இன்னொருக்கா இதைத் தூக்கிக்கொண்டு போக உங்களை விடமாட்டன்.”

“மெல்லக் கதையும். ஆமிக்காரனுக்குக் கேக்கும்.”

“கேக்கட்டும்! போன மாசம் என்ர தம்பியும் இதைத் திருத்தத்தானே கொண்டு போனவன்? பெட்டியை மட்டும்தானே திருப்பித் தந்தவங்கள்?”