உமி மூட்டைக்கு நடுவுல ஒரு கல்யாணம்

போதும்யா சண்டை... உக்காருங்க. காலையிலேர்ந்து நானும் பார்க்கிறேன். ரத்ததானம் பண்ற சங்கத்துக்காரங்க, ஒருத்தர் ரத்தத்தை ஒருத்தர் குடிச்சிட்டிருக்கீங்க! மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிற ரத்த வங்கியெல்லாம் ஒரே வலையில சேரணும், அதுக்கு எந்த டேட்டாபேஸ் வாங்கறது... இதானே பிரச்சினை? இந்தப் பக்கம் "வேகமானது வேணும்"ங்கிறாங்க. அந்தப் பக்கம் "சரியானது வேணும்"ங்கிறாங்க. நடுவுல நம்ம தலைவர்... பாவம், வடை எப்ப வரும்னு பார்த்துக்கிட்டிருக்கார்.

அது வர்றதுக்குள்ள ஒரு சின்னக் கதை சொல்லிடறேன். அப்புறம் தாராளமா அடிச்சுக்கங்க.

தனுஷ்கோடி அண்ணாச்சின்னு ஒருத்தர். தெக்க பல ஊர்ல கல்யாண மண்டபம் வச்சிருந்தார். எந்த ஊர் ஆபீஸ்ல போய்க் கேட்டாலும் எந்த ஊர் மண்டபத்தையும் புக் பண்ணலாம். அதுக்கு என்ன வேணும்? ஊருக்கு ஒரு கம்ப்யூட்டர் வேணும். எல்லாத்துலயும் ஒரே விவரம் இருக்கணும். ஒண்ணுல மாத்தினா மத்ததுலயும் மாறணும். இதைச் செஞ்சு தர பெனிட்டான்னு ஒரு பொண்ணு வந்துச்சு. கம்ப்யூட்டர் படிச்ச பொண்ணு, வாய் கொஞ்சம் ஜாஸ்தி.

"அண்ணாச்சி, ரெண்டு விதமா இருக்கு. முதலாவது, கேட்ட உடனே 'சரி'ன்னு சொல்லிடும். ரெண்டாவது, 'இருங்க, மத்த ஊரைக் கேட்டுட்டுச் சொல்றேன்'னு சொல்லும்."

அண்ணாச்சி சிரிச்சார். "ஏம்மா, ஆவணி முகூர்த்தத்துக்கு மண்டபம் தேடி நாயா அலையறவன்கிட்டப் போய் 'இருங்க'ன்னா இருப்பானா? அடுத்த மண்டபத்துக்கு ஓடிருவான்! முதலாவதையே போடு."

"போடறேன் அண்ணாச்சி. ஆனா ஊருக்கு ஊர் போற கேபிள் அறுந்தா..."

அவ்வளவுதான். அண்ணாச்சி ரெண்டு காதையும் பொத்திக்கிட்டார்! "அபசகுனம் பிடிச்சவளே! தாலி கட்டற இடத்துல வந்து 'அறுந்தா'ங்கிறியே! நல்ல வார்த்தை பேசும்மா!"

பெனிட்டா விடலை. "சரி அண்ணாச்சி, அறுபடலை. துண்டாச்சுன்னா..."

"அதுவும் பேசப்படாது!"

"பிரிஞ்சிட்டா?"

"வெளிய போறியா, இல்லையா?"

யோசிச்சுப் பாருங்க. அந்தப் பொண்ணு கேட்க வந்தது ஒரே ஒரு கேள்வி. அதைக் கேட்க அந்தக் கல்யாண மண்டபத்துல ஒரு வார்த்தை கூட இல்லை! முதலாவதே வந்து உக்காந்துச்சு. அண்ணாச்சிக்கு ஒரே பெருமை. தன் மக தமயந்தி கல்யாணத்துக்கே, மத்தவங்க மாதிரி தானும் ஆபீஸ்ல நின்னு, பட்டனைத் தட்டி, ஒரு மண்டபத்தை புக் பண்ணினார். கம்ப்யூட்டர் "சரி"ன்னுச்சு. போட்டோ வேற எடுத்துக்கிட்டார்.

அதுக்குக் கொஞ்ச நேரம் முன்னாடிதான், குடிதண்ணிக் குழாய் போடறோம்னு தோண்டினாங்க... கேபிளை வெட்டிட்டாங்க. இந்த ஊர் சொன்னது அந்த ஊருக்குத் தெரியாது. அங்க துரைப்பழம்னு ஒரு பஸ் டிரைவர், தன் மக கல்யாணத்துக்கு அதே மண்டபத்தை, அதே முகூர்த்தத்துக்குக் கேட்டார். அந்தக் கம்ப்யூட்டர் என்ன சொல்லுச்சு? "சரி"ன்னுச்சு! அதுக்குத் தெரிஞ்ச ஒரே வார்த்தை அதானே?

அப்புறம் கேபிளை ஒட்டினாங்க. ரெண்டும் பேசிக்கிச்சு. ஒரு மண்டபம், ரெண்டு பேரு. என்ன பண்ணும்? முந்தி வந்த பேரை அழிச்சிட்டு, பிந்தி வந்த பேரை வச்சுக்கிச்சு. ஒரு சத்தம் இல்லை. யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லலை. அதோட வழக்கம் அது!

கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் அண்ணாச்சி வேன்ல வந்து இறங்கறார். வாசல்ல வேற யாரோ பேரு மின்னுது. சமையல்கட்டுல வேற யாரோ வெங்காயம் உரிக்கிறாங்க. புதுசா வந்த மேனேஜர் ஓடி வர்றான், கையெடுத்துக் கும்பிடறான். "வாங்க முதலாளி! நீங்களும் டிரைவர் வீட்டுக் கல்யாணத்துக்கா?"

அண்ணாச்சிக்கு எப்படி இருந்திருக்கும்! "யோவ்! இது என் மண்டபம்யா!"

துரைப்பழம் கரண்டியோட வெளிய வந்தார். "மண்டபம் உங்களுதுதாங்க. நாள் என்னுது. சரின்னு சொன்னது உங்க மிஷின். எம் பொண்ணை இப்ப எங்க கூட்டிட்டுப் போகச் சொல்றீங்க?"

வேனுக்குள்ள பட்டுப்புடவையோட உக்காந்திருந்த தமயந்தி அழுதுச்சு. கல்யாணப் பொண்ணு அழறதைப் பார்க்கிற கொடுமை இருக்கே... எதிரிக்கும் வேண்டாம்யா. ஆளைக் கூட்டி விரட்டியிருக்கலாம், அண்ணாச்சிக்கு அந்த செல்வாக்கு உண்டு. ஆனா அந்தப் பக்கமும் ஒரு கல்யாணப் பொண்ணு வாசல்ல நின்னு பயந்து பார்த்துக்கிட்டிருந்துச்சு. மனுஷனுக்கு மனசு வரலை. மத்த ஊர் மண்டபமெல்லாம் அன்னிக்கு நிரம்பியாச்சு. முகூர்த்தத்தை மாத்த முடியுமா? முடியாது. ஊர் பூரா மண்டபம் வச்சிருந்த மனுஷன், பெத்த பொண்ணுக்கு, மண்டபத்துக்கு எதிர்ல இருந்த அரிசி ஆலையில கல்யாணம் பண்ணி வச்சார்... உமி மூட்டைக்கு நடுவுல! மாப்பிள்ளை தாலி கட்டும்போது தும்மினான்.

மறுநாள் பெனிட்டாவுக்கு போன் போட்டார். "எம்மா... அறுந்தா என்ன ஆகும்னு சொல்ல வந்தியே. இப்ப சொல்லு."

சிரிங்க, நல்லா சிரிங்க. இப்ப உங்ககிட்ட வர்றேன்.

அந்த முதலாவது டேட்டாபேஸ் கெட்டதா? இல்லவே இல்லை. ரத்தம் கொடுக்கிறவங்க போன் நம்பரைத் தேட அதையே வச்சுக்கங்க. பழைய நம்பர் வந்தா என்ன, எவனாவது திட்டிட்டு வச்சிடுவான். ஆனா ஒரு பை ரத்தம் இருக்கு. அபூர்வ வகை. ஒரே ஒரு பை. இந்த ஆஸ்பத்திரிக்கும் "சரி", அந்த ஆஸ்பத்திரிக்கும் "சரி"ன்னு சொல்லிட்டீங்கன்னா? ரெண்டு இடத்துலயும் வயித்தைக் கிழிச்சு வச்சிட்டுக் காத்திருப்பாங்களே! அதுக்கு எதிர்ல எந்த அரிசி ஆலை இருக்கு?

"நல்லதே நினைப்போம்"னு யாரோ பின்னாடி சொன்னீங்க. வேண்டாம் ஐயா. இன்னிக்கு ஒரு நாள், இந்த அறையில உக்காந்து கெட்டதை நினைங்க. வாய் விட்டுப் பேசுங்க. எது வேகம், எது பெருசுன்னு கேட்கறதுக்கு முன்னாடி, தப்பாப் போனா யாரு அழுவாங்கன்னு கேளுங்க. பை ஒதுக்கற வேலைக்கு "இருங்க, கேட்டுட்டுச் சொல்றேன்"னு சொல்றதையே போடுங்க. கேபிள் அறுந்தா, ஒட்டற வரைக்கும் அது 'இருங்க'ன்னேதான் சொல்லும். டாக்டருக்கு எரிச்சல் வரும், சொந்தக்காரங்க கத்துவாங்க.

கத்தட்டும். ஆளு பொழைச்சு எழுந்து வந்து, அவனும் சேர்ந்து நம்மளைப் பார்த்துக் கத்தட்டும்.