காமுவோட அக்கா

இல்லம்மா, ஓடிபி எல்லாம் எனக்கு வராது. அது காமு பிள்ளை கிரீஷ் ஃபோனுக்குப் போகும். அவன் நம்பரைத்தானே கம்ப்யூட்டர்ல போட்டு வச்சிருக்கேள். நான் ரிப்போர்ட் கேக்கலை. பேப்பரும் வேண்டாம், ஸ்கேன் படமும் வேண்டாம். வாயால சொன்னாப் போறும். நான் காமுவோட அக்கா. கூடப் பொறந்தவ. கிரீஷுக்குப் பெரியம்மா. கூடுவாஞ்சேரிலேர்ந்து வரேன். மேடவாக்கம் கூட்ரோட்டுல பஸ் அப்படியே நின்னுடுத்து, அதான் இவ்வளவு நேரம். ஆங், ஆமாம்மா, கூடுவாஞ்சேரிக்கு மேடவாக்கம் வழியில இல்லைதான். காமுவை ஒரு எட்டு பாத்துட்டு அங்கேர்ந்து வரேன்.

உக்காந்துக்கறேன். கொஞ்சம் நின்னாலே மூச்சு வாங்கறது. ஈவ்லினா உன் பேரு? சட்டையில போட்டிருக்கே. நீன்னே சொல்றேன், தப்பா எடுத்துக்காதே. காபியா? வேண்டாம்மா. இப்பல்லாம் ஒத்துக்கறதில்லை, குடிச்சா அப்படியே மேல வந்துடறது. ஆமா, காமுவுக்கும் அதேதான். கூடப் பொறந்தவான்னா வயிறுகூட ஒரே மாதிரி இருக்கும் போலிருக்கு.

தெரியும், தெரியும். பேஷண்ட்கிட்ட சொல்லக்கூடாது, கூட வர அட்டெண்டர்கிட்டதான் சொல்லணும். கிரீஷ் அப்படிக் கேட்டுண்டிருக்கான், டாக்டரும் சரின்னுட்டார். அதனாலதானே நான் வந்தேன்? போன வாரம் அவளே வந்து கேட்டாளாம். இந்த சீட்ல வேற யாரோ ஒரு பொண்ணு இருந்துதாம். பேஷண்டோட ப்ரைவஸி மாமி, ஓடிபி இல்லாம ஒண்ணும் சொல்ல முடியாதுன்னுதாம். பேஷண்ட் யாருன்னு கேட்டாளாம் காமு. நீங்கதான் மாமின்னுதாம். அப்ப யார்கிட்டேர்ந்துடி யாரைக் காப்பாத்தறேள்னு கேட்டிருக்கா. உங்க சன்னைக் கூட்டிண்டு வாங்கோன்னு அனுப்பிடுத்து. அந்தப் பொண்ணைச் சொல்லிக் குத்தமில்லை. அதோ செவுத்துல பாரு, எவ்வளவு பெரிய போர்டு. உங்கள் மருத்துவத் தகவல் எங்களிடம் பத்திரமாக இருக்கும்னு. டாக்டர் கோட்டு போட்டுண்டு ஒருத்தி பல்லைக் காட்டிண்டு நிக்கறா. பத்திரமாத்தான் இருக்கு, சம்பந்தப்பட்டவளைத் தவிர யாருக்கு வேணும்னாலும் கிடைக்கறது.

ஐயோ, உன்னைத் திட்டலைம்மா. ஆதங்கம், அவ்வளவுதான்.

காமு யாருன்னு நினைச்சே? டெலிபோன்ஸ்ல ஆபரேட்டரா இருந்து ரிடையர் ஆனவ. அந்தக் காலத்துல வெளியூருக்கு ட்ரங்க் கால் போட்டுக் குடுப்பா. எத்தனை குடும்பத்து ரகசியம் அந்தக் காது வழியா போயிருக்கும்! யார் ஆத்துல சாவு, யார் கல்யாணம் நின்னு போச்சு, எவன் எவளோட குசுகுசுன்னு பேசறான், எல்லாம் தெரியும். ஆத்துக்காரர்கிட்டகூட மூச்சு விட்டதில்லை. அப்படிப்பட்டவளோட வயித்துக்குள்ள என்ன இருக்குன்னு இன்னிக்கு ஃப்ளாட்ல வாட்ச்மேன் வரைக்கும் தெரியும். அவளுக்குத் தெரியாது.

எப்படியா? உங்க ஆஸ்பத்திரியிலேர்ந்துதான். மூணு வருஷம் முன்னாடி படியில வழுக்கி விழுந்தா. கிரீஷ் ஊர்ல இல்லை. அசோசியேஷன் செக்ரெட்டரி ஸ்ரீரங்கன்தான் கார்ல போட்டுண்டு இங்க வந்தார். கவுண்டர்ல நம்பர் கேட்டதும் தன்னோட நம்பரைக் குடுத்துட்டார். காலு சரியாயிடுத்து, நம்பர் அங்கயே ஒட்டிண்டுடுத்து. கிரீஷ் தன் நம்பரைச் சேத்தான், பழசை யாரும் எடுக்கலை. இப்ப வாய் வழியா குழாய் விட்டு வயித்துலேர்ந்து சதை எடுத்தாளே, அந்த ரிசல்ட் ரெண்டு ஃபோனுக்கும் வாட்ஸ்அப்ல போய் விழுந்திருக்கு.

ஸ்ரீரங்கன் நல்ல மனுஷன். அதுதான் வினையே. கெட்டவனா இருந்தா எனக்கென்ன போச்சுன்னு இருந்திருப்பான். இவர் பதறிப் போயி, காமு மாமிக்காக எல்லாரும் வேண்டிக்கோங்கோன்னு அவளை மட்டும் விட்டுட்டு ஒரு குரூப் ஆரம்பிச்சுட்டார். மாமிக்குத் தெரியாம பாத்துக்கோங்கோன்னு ஒரு உபதேசம் வேற. மாட்டுப்பொண்ணு மிருதுளா பால்கனில நின்னுண்டு அவரை ஃபோன்ல வாங்கு வாங்குன்னு வாங்கினா. ஜன்னலுக்கு இந்தண்டை காமு. ஆபரேட்டர் காதும்மா அது, எல்லாம் விழுந்துது. ஆனா வியாதி பேரை மட்டும் மிருதுளா வாயால சொல்லலை. அது, அதுன்னே சொல்லிண்டிருந்தா.

அதுக்கப்பறம் ஃப்ளாட்ல எல்லாருக்கும் அவமேல ஒரே பாசம். தாங்க முடியலை. பி ப்ளாக் சத்யநாராயணன்னு ஒருத்தர். தண்ணி லாரி வந்தா மோட்டார் எப்பப் போடறதுன்னு அவருக்கும் இவளுக்கும் வருஷக்கணக்கா குருக்ஷேத்திரம். அந்த மனுஷன் போன வாரம் லிஃப்ட்டுல கையைக் கட்டிண்டு, நீங்க சொல்ற நேரத்துக்கே போட்டுக்கலாம் மாமின்னார். சத்யநாராயணனே விட்டுக் குடுத்துட்டார்னா விஷயம் சாமான்யமில்லையே.

புரட்டாசி சனிக்கிழமை மொட்டை மாடியில எல்லாருமா சேந்து சஹஸ்ரநாமம் சொல்லிண்டிருந்தா. சத்தம் கேட்டு இவளும் புஸ்தகத்தை எடுத்துண்டு மேல போனா. இவ தலையைப் பாத்ததும் கப்சிப். உங்களுக்கு எதுக்கு மாமி சிரமம், படியெல்லாம் ஏறிண்டுன்னா ஒருத்தி. அவளுக்காக நடக்கற பாராயணத்துக்கு அவளைத் தவிர எல்லாரையும் கூப்பிட்டிருக்கா. சிரிப்புதான் வந்துது. கீழ வந்து கதவைச் சாத்திண்டு அழுதா.

வேலைக்கு வர முனியம்மாவைக் கேட்டுப் பாத்தா. அவ ஒருத்திதான் வாயில வந்ததைச் சொல்றவ. ஐய, இன்னா மாமி, என்னாண்ட போய் கேக்குற, சின்னம்மா, அதான் உன் மருமவ, சாமி படத்துமேல சத்தியம் வாங்கிகினு கீது, நீ கம்முனு குந்து, பாத்திரத்த நான் பாத்துக்கறேன்னா. சொல்லிட்டு முந்தானையால மூக்கைச் சிந்திண்டா. அவளுக்கும் தெரியும், பாத்துக்கோ.

டாக்டர்கிட்ட கேக்காம இருப்பாளா? அவர் கிரீஷைப் பாத்தார். கிரீஷ் என்னை, காமுவைப் பாத்தான். அம்மா, நீங்க வெளில சிஸ்டர்கிட்ட வெயிட் பாத்துட்டு வாங்கோன்னார். உள்ள வரும்போதே வெயிட் பாத்தாச்சு. திரும்பவும் போயி மெஷின்மேல நின்னா. வேற என்ன பண்ணுவா? கிரீஷைக் கேட்டா அல்சர்ம்மாங்கறான். அவனுக்கு சின்ன வயசுலேர்ந்தே பொய் வராது. காது ரெண்டும் செக்கச்செவேல்னு ஆயிடும். அந்தக் காதைப் பாத்ததுக்கு அப்பறம் மேல கேக்க மனசு வரலையாம் அவளுக்கு.

தெரிஞ்சு காமு என்ன பண்ணப் போறான்னுதானே கேக்கறே? எல்லாரும் அதைத்தான் கேக்கறா. சொல்றேன். பொண்ணு சின்மயி புனேல இருக்கா. கல்யாணமாகி எத்தனையோ வருஷம், ஏறாத கோயிலில்லை, பாக்காத டாக்டரில்லை, இப்பத்தான் உண்டாகியிருக்கா. தையில தேதி. ஐப்பசி பொறந்ததும் காமு அங்க போயிடறதா டிக்கெட் போட்டிருந்தது. கிரீஷ் கேன்சல் பண்ணிட்டான். அல்சர் ஆறட்டும்மா, அப்பறம் போலாம்ங்கறான். அப்பறம்னு ஒண்ணு இருக்கா, அதுதாம்மா அவளுக்குத் தெரியணும். நாள் இல்லைன்னா இன்னிக்கே போயி பொண்ணு பக்கத்துல உக்காந்துடுவா. ரசம் சாதம் பிசைஞ்சு போடுவா, தலை பின்னி விடுவா. இல்லை, இங்க இருந்து வைத்தியம் பண்ணிண்டா குழந்தையைப் பாக்கலாம்னா, பல்லைக் கடிச்சுண்டு இங்கயே கிடப்பா. ரெண்டுல எதுன்னு அவதானே முடிவு பண்ணணும்? அவ உடம்புதானே? இவ என்ன வேலை செய்யலாம்னு முனியம்மாகூட முடிவு பண்றா, இவளால முடியலை.

வர செவ்வாய்க்கிழமை சத்து ஊசி போடணுமாம். நாள் பூரா படுத்துண்டு ட்ரிப்ஸ்ல ஏத்தற சத்து ஊசி. அதுக்குள்ள முடியைக் குட்டையா வெட்டிக்கோங்கோம்மா, வெயிலுக்கு நன்னா இருக்கும்ங்கறா மிருதுளா. மழை ஆரம்பிக்கப் போறது, என்னடி வெயில்? காமு ஒண்ணும் மக்கு இல்லைம்மா. பாதி புரிஞ்சுடுத்து அவளுக்கு. அந்த மீதிப் பாதிதான் உயிரை எடுக்கறது. பயமா இருக்கும்மா. நெஜமாவே பயமா இருக்கு எனக்கு.

கிரீஷுக்கு ஃபோன் போடாதேம்மா. மீட்டிங்ல இருப்பான், பாவம். அவன் பேர், அவன் நம்பர், அட்ரஸ், காமு பொறந்த தேதி, எல்லாம் சரியாச் சொல்லிட்டேனே. கூடப் பொறந்தவளா இல்லாட்டா தெரியுமா? என் மூஞ்சியைப் பாரு, ஜாடை இல்லையா?

ஐயோ, அவகிட்ட சொல்லவே மாட்டேன். சத்தியம். நீ சொன்னேன்னும் யார்கிட்டயும் வாயைத் திறக்கமாட்டேன். கதவைச் சாத்திக்கோ, சாத்திக்கோ.

ம்.

இரைப்பையிலயா.

ம். லிவருக்கும் போயிடுத்தா. சரி. அதனாலதான் ஆபரேஷன்னு யாரும் பேசலை.

அந்த ஊசி போட்டா குணமாகுமா? ஓ. வலி கொஞ்சம் அடங்கும். நாள் கொஞ்சம் தள்ளிப் போகும்.

தை வரைக்கும் தள்ளுமா?

இல்லை, இல்லை, உன்னால எப்படிச் சொல்ல முடியும்? டாக்டருக்கே தெரியாது. நீ சின்னப் பொண்ணு. கேட்டது என் தப்பு.

தண்ணி இருந்தாக் குடு. எப்படியாவது தெரிஞ்சுண்டுடணும்னு நினைச்சேன். தெரிஞ்சப்பறம் என்ன பண்றதுன்னு நினைக்கவே இல்லை பாரு.

பேஷண்டைப் பாத்துக்கணுமா? பாத்துக்கறேன். கொஞ்சம் கொஞ்சமா அடிக்கடி சாப்பிட வைக்கணும், சரி. தைரியம் சொல்லணும். சரிம்மா, சொல்றேன்.

வரேன். பையை இப்படிக் குடு. செவ்வாய்க்கிழமை காலைல நீதானே இருப்பே இங்க? வாசல்ல நின்னுண்டு காமுன்னு கூப்பிடுவேளே, அப்ப கிரீஷ் கையைப் பிடிச்சுண்டு எழுந்து வர்றது நானாத்தாம்மா இருக்கும். எனக்கு அக்காவும் கிடையாது, கூடுவாஞ்சேரில யாரும் கிடையாது. அட, அழாதே. உன் வேலைக்கு ஒண்ணும் வராது, அதான் சத்தியம் பண்ணியிருக்கேனே. பேஷண்ட்கிட்ட சொன்னாத்தானே தப்பு, நீ அவ அக்காகிட்டதானே சொன்னே.

புனேக்குப் போறேன்னு நான் கேக்க முடியாது. கேட்டா ஏன்மா அவசரம்பான். பதில் சொன்னா அவன் தாங்கமாட்டான். அதனால செவ்வாய்க்கிழமை சத்து ஊசிம்பான், நானும் சரிடாம்பேன். அவன் காது சிவக்கும், நான் ஜன்னல் பக்கம் பாத்துப்பேன். நீயும் என்னை முன்னப்பின்ன பாக்காத மாதிரி இருந்துடு. எனக்குத் தெரியும்ங்கறது அவன்வரைக்கும் போகவேண்டாம்மா. என்னைப் பத்தி அந்த ஒரு விஷயமாவது இந்த ஆஸ்பத்திரியை விட்டு வெளில போகாம இருக்கட்டும்.