அக்கா என்று அழைக்காதது பற்றி

பெயர் யூக் சுன்ஜா. வயது 59. கணவர் காலமாகிவிட்டார். தேகு நகரம் தெற்கு வட்டத்தில் அடுக்ககம் ஒன்றின் நான்காம் மாடியில் தனியாக வசிக்கிறேன். முதியவர்களின் வீட்டுக்குப் போய்க் குளிப்பாட்டி, உணவூட்டிப் பராமரிக்கும் வேலை. அதற்கு உரிமம் வைத்திருக்கிறேன். இதற்கு முன் என் மீது வழக்கு எதுவும் இல்லை.

புகார்தாரர் பாங் ஹேரானையும் ஓக்கி, மல்சூக் என்ற மற்ற இருவரையும் எனக்குப் பதினோரு வருடமாகத் தெரியும். மலையேறும் சங்கம் ஒன்றில் அறிமுகமானோம். வருடத்துக்கு ஒரு விலங்கு என்று எண்ணும் சந்திரக் கணக்கில் நால்வரும் குதிரை வருடத்தில் பிறந்தவர்கள் என்பதால் தனிக் குழுவாகிவிட்டோம். எங்கள் காலத்தில் குதிரை வருடத்துப் பெண் அடங்காதவள் என்று மருமகளாக்க யோசிப்பார்கள். நால்வரும் அந்தப் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர்கள். மாதத்தில் ஒரு ஞாயிறு மலையேறிவிட்டு, அடிவாரத்துக் கரியடுப்பு இறைச்சிக் கடையில் மதியம் சாப்பிடுவோம். ஒரே வயது என்பதால் ஒருவரையொருவர் ‘டி’ போட்டுத்தான் பேசுவோம். இறைச்சி சுடும் கிடுக்கி முறை வைத்துக் கைமாறும்.

கடந்த ஞாயிறன்று புகார்தாரரின் முறை. இந்த வருடம் எங்களுக்கு அறுபது நிறைகிறது என்பதால் வழக்கத்தைவிட அதிகமாகப் பன்றி இறைச்சியும் சோஜு மதுவும் சொல்லியிருந்தோம். முதல் தட்டு முடிந்தது. அதன் பிறகு மல்சூக், “கிழவிங்களா, யார் யாருக்கு எப்போ பொறந்தநாள், சொல்லுங்கடி, எல்லாத்துக்கும் குடிப்போம்” என்றார். அவரவர் மாதத்தைச் சொன்னார்கள். நான், “எனக்கு வர்ற ஜனவரிதான்” என்றேன். அதில் மறைக்க ஒன்றும் இருப்பதாக நான் நினைக்கவில்லை. நான் பிறந்தது 1967 ஜனவரி. சந்திரக் கணக்கில் அப்போது புது வருடம் பிறக்கவில்லை, குதிரைதான் நடந்துகொண்டிருந்தது. பள்ளியிலும் அறுபத்தாறில் பிறந்தவர்களோடுதான் சேர்த்தார்கள். குதிரை என்று என் மாமியார் என்னைத் திட்டியபோது யாரும் ஜனவரியா டிசம்பரா என்று பார்க்கவில்லை.

புகார்தாரர் கையிலிருந்த கிடுக்கியை என் தட்டின் மேல் வைத்தார். “அப்போ நீ அறுபத்தேழா? அடிப் பாவி, தங்கச்சியா நீ! இத்தனை வருஷமா தங்கச்சிக்கு நான் கறி சுட்டுப் போட்டிருக்கேன்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இளையவர் சுடுவதுதான் எங்கள் ஊர் வழக்கம் என்பதால் கிடுக்கியை எடுத்துச் சுடத் தொடங்கினேன்.

அதன் பிறகு புகார்தாரர் கோப்பையை நீட்டி, “பெரியவங்களுக்கு ரெண்டு கையாலயும் ஊத்தணும்” என்றார். இரண்டு கையாலும் ஊற்றினேன். “குடிக்கும்போது மூஞ்சிய அந்தப் பக்கம் திருப்பிக்கோ” என்றார். திருப்பிக்கொண்டு குடித்தேன். ஓக்கி, “விடுடி, ஒரு வருஷம் என்ன பெரிய வருஷம்” என்றார். அதற்குப் புகார்தாரர், “ஒரு வருஷம்னா ஒரு வருஷம்தான். ராணுவத்துல ஒரு மாசம் முந்தினவனுக்கே சல்யூட் அடிக்கிறான்” என்றார். ஓக்கியும் தன் கோப்பையை என் பக்கம் நகர்த்தி வைத்தார். அதற்கும் இரண்டு கையாலும் ஊற்றினேன்.

அதன் பிறகு வந்த இறைச்சி முழுவதையும் நானே சுட்டு, கத்தரிக்கோலால் வெட்டி, மூவர் தட்டிலும் வைத்தேன். நான் சாப்பிடவில்லை. யாரும் சாப்பிடச் சொல்லவில்லை. கடைக்கார அம்மாள் கம்பித்தட்டை மாற்ற வந்தபோது, “என்னம்மா, இன்னிக்கு இவங்க மட்டும் சமையக்காரியா?” என்று கேட்டார். “இல்லீங்க, கடைக்குட்டி” என்று மல்சூக் சொன்னார்.

அதன் பிறகு புகார்தாரர் ஒரு கீரை இலையில் இறைச்சியும் பூண்டும் வைத்து மடித்து என் வாய்க்கு நேராக நீட்டினார். நாங்கள் ஒருவருக்கொருவர் அப்படி ஊட்டிக்கொள்வது உண்டு. வாயைத் திறந்தேன். கையைப் பின்னால் இழுத்துக்கொண்டு, “அக்கா, குடுங்கன்னு சொல்லு” என்றார். “ஹேரான், போதும்டி” என்றேன். “யாரைடி டிங்கிற?” என்றார். பக்கத்து மேசைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடியும் நீட்டினார். நாயிடம் நீட்டுவதுபோல் உயரத் தூக்கி, “அக்கான்னு சொன்னாத்தான்” என்றார். ஓக்கி சிரித்துக்கொண்டிருந்தார். மல்சூக் அடுப்பைப் பார்த்து, “கறி கருகுது, யாராச்சும் திருப்புங்கடி” என்றார்.

நான் கிடுக்கியால் இறைச்சியைத் திருப்பினேன். அதன் பிறகு அதே கிடுக்கியால் புகார்தாரரின் கையை விலக்கினேன். கிடுக்கியின் நுனி அவருடைய மணிக்கட்டில் பட்டது. அவர் கத்தினார். இலைப்பொட்டலம் அடுப்பில் விழுந்தது. கடைக்கார அம்மாள் பனிக்கட்டி கொண்டுவந்தார். நான் கிடுக்கியை மேசை மேல் வைத்துவிட்டு, காவலர்கள் வரும்வரை என் இடத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

கிடுக்கி சூடாக இருந்தது தெரியுமா என்று அதிகாரி கேட்டார். அதுவரை அதைப் பிடித்திருந்தவள் நான்தான். தெரியும். அவர் கையைச் சுட வேண்டும் என்று நினைத்தீர்களா என்று கேட்டார். அந்தக் கை என் முகத்தின் முன்னால் இருக்கக் கூடாது என்று நினைத்தேன். அதற்கு மேல் நினைக்க நேரம் இருக்கவில்லை.

நான் குழுவுக்கு முன்னால் வந்து, “அக்கா, மன்னிச்சிருங்க” என்று சொன்னால் புகார்தாரர் சமரசத்துக்குக் கையெழுத்திடுவார் என்றும், வேறு எதுவும் அவர் கேட்கவில்லை என்றும் அதிகாரி தெரிவித்தார். சமரசம் இல்லாமல் தண்டனை கிடைத்தால் என் வேலைக்கு ஆபத்து வரலாம் என்பதையும் எடுத்துச் சொன்னார். நேற்று ஓக்கியும் தொலைபேசியில், “ஒரு வார்த்தைதானேடி, சொல்லித் தொலையேன். உன் வேலை போனா யாரு சோறு போடுவா?” என்றார். அவர் இன்னும் என்னை ‘டி’ என்றுதான் கூப்பிடுகிறார். நான் அவரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று தெரியாததால் எப்படியும் கூப்பிடாமல் பேசி முடித்தேன்.

காயத்துக்காக மன்னிப்புக் கேட்கச் சம்மதிக்கிறேன். எத்தனை பேர் முன்னால் வேண்டுமானாலும் கேட்கிறேன். அக்கா என்று கூப்பிடச் சம்மதமில்லை. ஒருமுறை கூப்பிட்டுவிட்டால், பதினோரு வருடமாக நான் பேசியதெல்லாம் ஒரு சின்னவளின் திமிர் என்று ஆகிவிடும். அது அப்படி இல்லை. அதனால் வேலை போகும் என்றால் போகட்டும்.

இந்த வாக்குமூலம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. புகார்தாரரை எல்லா இடத்திலும் ‘அவர்’ என்று எழுதியிருப்பது அதிகாரி; நான் சொன்னது ‘அவள்’. திருத்தும்படி கேட்டேன். பதிவேட்டு முறைப்படி அப்படித்தான் எழுத வேண்டும் என்று சொன்னதால், இந்தக் குறிப்பை மட்டும் சேர்க்கச் சொன்னேன். மற்றவை நான் சொன்னபடியே உள்ளன, நடந்ததும் அதுவே என ஒப்புக்கொண்டு பெருவிரல் ரேகை வைத்துக் கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) யூக் சுன்ஜா