அண்ணனுக்கு வைத்த பரீட்சை

இந்த அறைக்கு ஒரு மின்விசிறி போதாது என்று செயற்குழுவில் நான் சொல்லாத கூட்டம் இல்லை. யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது விசாரணைக் குழு என்று எதிரே உட்கார்ந்திருக்கும் நீங்கள் மூவரும் வியர்த்து வழிவதைப் பார்த்தால் எனக்கே பாவமாக இருக்கிறது. பொதுச்செயலாளர் நான் என்பதால், என்னை விசாரிக்க நாற்காலி போடும் வேலையும் என் தலையில்தான் விழுந்தது. பரவாயில்லை. எல்லாவற்றையும் சொல்கிறேன்.

முதலில் நம் வரலாறு. உங்களில் இருவர் பிற்பாடு வந்து சேர்ந்தவர்கள். நான் எழுதிய புத்தகத்தைப் படித்துத் தெரிந்துகொண்டவர்கள். நாட்டிலேயே பெரிய மனித உரிமை அமைப்பு என்று பெயர் வாங்கிய இது, ஓர் அச்சகத்தின் பின்கட்டில் தொடங்கியது. அச்சகம் அண்ணனுடையது. கூடப்பிறந்த அண்ணன் இல்லை. நான் அங்கே பிழை திருத்திக்கொண்டிருந்தேன். அவரை அண்ணன் என்றும் அவர் மனைவியை அண்ணி என்றும்தான் கூப்பிடுவேன். வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களுக்கு அண்ணன் துண்டறிக்கை அச்சடித்துக் கொடுத்தார். ஒரு நாள் காலையில் சீருடை போடாத நாலு பேர் வீட்டுக்கு வந்து அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்படி யாரையும் பிடிக்கவே இல்லை என்று போலீஸ் கைவிரித்தது. அண்ணியும் நானும் அவர் படத்தைப் போட்டு, 'இவர் எங்கே?' என்று சுவரொட்டி ஒட்டினோம்.

அந்த ஒரு கேள்வி எவ்வளவு சம்பாதித்துக் கொடுத்தது தெரியுமா? காணாமல் போனவர்களின் குடும்பங்கள் எங்கெங்கிருந்தோ வந்தன. கிளைகள் வந்தன, வக்கீல்கள் வந்தார்கள், வெளிநாட்டு நன்கொடை வந்தது. சிலரை நிஜமாகவே மீட்டோம். அதை யாரும் மறுக்க முடியாது. அண்ணன் மட்டும் வரவில்லை. எங்களுக்கு அது துக்கம். அமைப்புக்கு அதுதான் மூலதனம்.

வரலாற்றில் ஒரு சின்னத் திருத்தமும் செய்தேன். வண்டியில் ஏறும்போது அண்ணன் திரும்பிப் பார்த்து, "அடுப்புல பால் இருக்கு, பொங்கிடப் போவுது, பாத்துக்க" என்றார். அன்றைக்கே அண்ணி அழுதுகொண்டே என்னிடம் சொன்னது இது. பாலை வைத்துக்கொண்டு எப்படி இயக்கம் நடத்துவது? 'என்னைக் கொண்டுபோகலாம், உண்மையைக் கொண்டுபோக முடியாது' என்று எழுதினேன். பிழை திருத்துவது என் தொழில் அல்லவா. "இப்படியெல்லாம் அவருக்குப் பேசத் தெரியாதேப்பா" என்றார் அண்ணி. பிறகு நம் தலைவியாக மேடை மேடையாய்ச் சொல்லிச் சொல்லி அவருக்கும் பழகிவிட்டது.

பேர் பெரிதானால் போலிகளும் வருவார்கள். நான்தான் அந்த அச்சகக்காரன் என்று ஒருவன் அண்ணியின் வாசலிலேயே வந்து நின்றான். அவர் மயங்கி விழுந்துவிட்டார். அதற்குப் பிறகு ஒரு விதி கொண்டுவந்தேன். யார் வந்தாலும் அண்ணிக்குத் தெரியக் கூடாது. முதலில் நான் போய், பிடித்துக்கொண்டு போனபோது கடைசியாக என்ன சொன்னீர்கள் என்று கேட்பேன். வந்தவர்கள் எல்லோரும் புத்தகத்தில் இருப்பதை ஒப்பித்து மாட்டிக்கொண்டார்கள். பால் விஷயம் அண்ணிக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும். நல்ல பரீட்சை என்று இப்போதும் சொல்வேன்.

போன வருஷம் வெளியூரிலிருக்கும் அரசு மனநல மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் டாக்டர் பேசினார். எப்போதோ தலையில் அடிபட்டு, பேர் ஊர் தெரியாமல் கொண்டுவந்து தள்ளப்பட்ட ஒருவர், வார்டு டிவியில் நம் சுவரொட்டியைப் பார்த்துவிட்டு அது நான்தான் என்கிறாராம். வந்து அடையாளம் காட்டினால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவதாகச் சொன்னார். விதிப்படி தனியாகப் போனேன்.

பல் போய், முடி கொட்டி, நம் படத்துக்கும் அவருக்கும் சம்பந்தமே இல்லை. கதவருகில் நின்று என்னைப் பார்த்து, "தம்பி, கண்ணாடி போட்டுட்டியா?" என்றார். உட்கார வைத்துக் கேள்வியைக் கேட்டேன்.

"அடுப்புல பால் வெச்சிருந்தேன். பாத்துக்கச் சொன்னேன். பாவம், அவ பாத்தாளோ என்னவோ" என்றார். பிறகு அவராகவே, "இங்க எல்லாரும் நல்லவங்கதான் தம்பி. யார் மேலயும் கோவம் இல்ல. வீட்டுக்குப் போனாப் போதும்" என்றார்.

யோசித்துப் பாருங்கள். அப்போது அடுத்த மாதமே ஆண்டு மாநாடு. வெளிநாட்டு விருந்தினர்கள் வருகிறார்கள், புத்தகம் மறுபதிப்பில் இருக்கிறது. இவரை மேடையேற்றினால் பத்திரிகைக்காரர்கள் முதலில் அந்தக் கடைசி வார்த்தையைத்தான் கேட்பார்கள். இவர் பால் கதையைச் சொல்லி, போலீஸ்காரர்கள் நல்லவர்கள் என்றும் சொல்லி முடிப்பார். நம்மை நம்பியிருக்கும் அத்தனை குடும்பங்களின் கதி என்ன? ஒரு மனிதரா, மனித உரிமையா என்று வந்தால் யாராவது ஒருவர் கனமான முடிவை எடுத்துத்தானே ஆக வேண்டும்.

டாக்டரின் மேஜையில் நம் புத்தகம் இருந்தது. "என்ன சார், அவர்தானா?" என்றார்.

"பதில் தப்பும்மா" என்று அண்ணனின் கடைசி வார்த்தை இருக்கும் பக்கத்தைத் திறந்து காட்டினேன். சுவரொட்டியைப் பார்த்து இப்படி நம்பிக்கொள்கிற பாவப்பட்டவர்கள் உண்டு, இந்த நம்பிக்கை போகும்வரை நல்ல சிகிச்சை கொடுங்கள், அது அவருடைய உரிமை என்றும் கேட்டுக்கொண்டேன். அண்ணன் பக்கத்திலேயேதான் இருந்தார். "ஏன் தம்பி இப்படிச் சொல்ற?" என்று மட்டும் கேட்டார். நான் கோபப்படவில்லை. அந்த அச்சகக்காரர் எப்படிப்பட்ட வீரர், என்ன சொன்னார், ஏன் இவர் அவராக இருக்க முடியாது என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். கிளம்பும்போது போர்வை மெல்லியதாக இருப்பதைக் கவனித்து, நல்லதாக ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தேன். இதையும் நீங்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

ஆமாம், கதவருகில் நின்றபோதே அவர்தான் என்று தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்லி உங்கள் நேரத்தை வீணாக்க மாட்டேன்.

அண்ணன் சொன்ன பால் கதையைக் கேட்டிருந்த அந்த வார்டு நர்ஸ், அது நிஜமா என்று நேராக அண்ணியிடமே வந்து கேட்பார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. முந்தாநாள் அண்ணி போய்ப் பார்த்தாராம். "வாங்க, வீட்டுக்குப் போலாம்" என்று கையைப் பிடித்திருக்கிறார். அண்ணன் மெல்லக் கையை விடுவித்துக்கொண்டு, "தப்பா எடுத்துக்காதீங்கம்மா, நீங்க தேடுற ஆள் நான் இல்ல. படிச்சவர் ஒருத்தர் வந்து விளக்கமா சொல்லிட்டுப் போனார்" என்றாராம். அண்ணி அங்கிருந்து நகர மறுத்து, அந்த வார்டு வாசலிலேயே உட்கார்ந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன்.

இனி என்ன செய்யலாம் என்று என்னையே கேட்கிறீர்கள். அவரை வற்புறுத்தி அழைத்து வருவது சரியில்லை என்பது என் தாழ்மையான கருத்து. தான் யார் என்று ஒருவர் தானாகவே முடிவு செய்துகொள்வது அடிப்படை உரிமை. அதைக்கூட மதிக்கவில்லை என்றால் நாமெல்லாம் எதற்காக இந்த அமைப்பை நடத்துகிறோம்?