அவள் குடிக்காத தண்ணீர்

இந்தப் பெற்றோர் கழக அவைக்குத் தலைமையேற்று அமர்ந்திருக்கும் தலைமை ஆசிரியை அவர்களே, அறிவிலும் அனுபவத்திலும் மூத்த ஆன்றோர்களே, பிள்ளையைத் தூக்கித் தூக்கி இடுப்பு இற்றுப்போனாலும் இன்முகம் மாறாத தாய்மார்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

தண்ணீர் வேண்டாம் செயலாளர் அவர்களே, அந்தக் குவளை அப்படியே இருக்கட்டும்.

மேடை எனக்குப் புதிதல்ல. மைக்கைப் பிடித்தால் விடமாட்டேன் என்று என் மனைவியே கேலி செய்வாள். சிரியுங்கள், பரவாயில்லை. ஆனால் சென்ற மாதம், மருத்துவமனையின் நடைச் சோதனைக் கூடத்தில், இந்த நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எதற்கு அஞ்சினேன்? என் மகள் சிட்டுவுக்கு மூளை முடக்குவாதம். வாக்கர் இல்லாமல் நடந்தால்தான் வரும் ஆண்டு தோழிகளோடு மாடி வகுப்பு. இல்லையென்றால் கீழே, வேறு வகுப்பில், தனியாக. விழுந்துவிடுவாளோ என்று அஞ்சினேன். விழுவதை நான் பார்க்க வேண்டுமே என்றும் அஞ்சினேன்.

விழவில்லை. மேடுபள்ளம் இல்லாத தரையில், முட்டுவார் மோதுவார் இல்லாத கூடத்தில், பல்லைக் கடித்துக்கொண்டு சுவர் முதல் சுவர் வரை நடந்தாள். நான் கைதட்டினேன். பிசியோதெரபிஸ்ட் அம்மையார் தட்டவில்லை. வீட்டில் எப்படி, பள்ளியில் எப்படி என்று கேட்டார். நன்றாக நடப்பாள், நன்றாக நடப்பாள் என்று முந்திக்கொண்டேன். அவர் என்னை விட்டுவிட்டு அவளிடம் குனிந்தார்.

"ஸ்கூல்ல பாத்ரூமுக்கு எப்படிப் போவே கண்ணு?"

"போகமாட்டேன். அதுக்குத்தான் தண்ணி குடிக்கிறதில்ல."

"ஏம்மா?"

"கிரவுண்டத் தாண்டிப் போகணும். விழுந்தா டீச்சர் பாத்துடுவாங்க. அப்புறம் மாடிக்கு விடமாட்டாங்க."

பெற்றோர்களே, அவளுடைய தண்ணீர் பாட்டிலை நினைத்துப் பார்த்தேன். மாலையில் பாட்டில் நிரம்பியே வீடு வரும். சிந்தாமல் கொண்டுவருகிறாள் என்று மெச்சினேனே! எத்தனை வெயில்? எத்தனை தாகம்? நான் கூடத்தில் ஒரு நாள் அஞ்சியதை, அவள் ஒவ்வொரு மணியோசைக்கும் அஞ்சியிருக்கிறாளே!

பின்வரிசை ஐயா கேட்கிறார், முடிவு என்ன என்று. நாளை சொல்வதாகத் தலைமை ஆசிரியை சொல்லியிருக்கிறார். அதனால்தான் ஐயா, இன்றே இந்த மைக்கைப் பிடித்திருக்கிறேன்.

அம்மையீர், அஞ்சி அஞ்சியே கேட்கிறேன். என் மகளை மாடிக்கு ஏற்ற வேண்டாம். அந்த வகுப்பையே கழிப்பறைக்குப் பக்கத்து அறைக்கு இறக்குங்கள். வாக்கரோடு வரட்டும், விழட்டும், எழட்டும். தண்ணீர் மட்டும் குடிக்கட்டும்.

பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம். செயலாளர் அவர்களே, அந்தக் குவளையை முன்வரிசையில் இருக்கும் என் மகளிடம் கொடுங்கள். அவள் குடிக்கிறாளா என்று பார்த்துவிட்டு இறங்குகிறேன்.