ஒரு பிடித் தூள்

இன்ஸ்பெக்டர் ஐயா, வாக்குமூலம் எழுத நீங்கள் நாலு தாள் கொடுத்தீர்கள். பொடி எழுத்தாக இரண்டு பக்கமும் எழுதினால் எனக்கு இரண்டு போதும். மற்ற இரண்டையும் மேசைமேல் வைத்திருக்கிறேன். வேறு யாருக்காவது உதவும்.

என் பெயர் பெரியமுத்து. சித்திரபுரத்துக்கு மேலே இருக்கிற எஸ்டேட்டின் தேயிலை ஃபேக்டரியில் ஒன்பது வருஷமாக அடுப்புக்காரன். சொட்டுகிற குழாயைப் பார்த்துக்கொண்டு என்னால் சும்மா போக முடியாது. பகலில் எரியும் பல்பு, பாதி எரிந்து வெளியே இழுத்துப் போட்ட விறகு, இவற்றைக் கண்டால் சோற்றில் மணல் கடிபட்டது போலிருக்கும்.

ஐம்பத்தெட்டாம் வருஷம் சித்திரையில் எஸ்டேட் துரை ஃபேக்டரி வாசலில் ஒரு பலகை மாட்டினார். விறகு, கரண்டு, தண்ணீர் இவற்றை யார் அதிகம் மிச்சம் பிடிக்கிறானோ அவனுக்கு மேஸ்திரி வேலையும், கூலிக்காரர்கள் குடியிருக்கிற லயத்தை விட்டுத் தள்ளி ஓட்டுக்கூரை போட்ட வீடும் என்று எழுதியிருந்தது. நான் வாசித்துவிட்டு வந்து என் மனைவி சாந்தம்மாளிடம் சொன்னேன். எங்கள் மகள் குருவம்மாளுக்கு அப்போது இரண்டு வயது. மழை தொடங்கினால் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டு மூச்சு இழுக்கும். எங்கள் லயத்துக் கூரையோ நாலு இடத்தில் ஒழுகும்.

"அந்த வீட்டுல ஒழுகாதுல்லா?" என்று மட்டும் சாந்தம்மாள் கேட்டாள்.

ஃபேக்டரிச் சுவரை ஒட்டிப் பிள்ளைக்கொட்டகை இருந்தது. தாய்மார் கொழுந்து கிள்ளப் போகும்போது கைப்பிள்ளைகளை அங்கே விட்டுப் போவார்கள். சின்னத்தாய் என்கிற விதவை அவர்களைப் பார்த்துக்கொண்டாள். எங்கள் குருவம்மாளையும் சேர்த்துப் பதினொரு பிள்ளைகள். முதலில் அந்தக் கொட்டகைக் குழாயைத்தான் கவனித்தேன். சின்னத்தாய் துணி அலசும்போது அதை முழுக்கத் திறந்துவிடுவாள். நான் ஒரு மரக்கட்டையைச் செதுக்கி, நடுவில் ஊசித்துளை போட்டு, குழாய் வாயில் அடித்து இறுக்கினேன்.

"தம்பி, ஒரு வாளி நெறையறதுக்குள்ள பொழுது போயிரும் போலுக்கே. மூச்சக்கூட மிச்சம் பிடிச்சுத்தான் விடுவியோ?" என்றாள் சின்னத்தாய். குழாயடியில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

வைகாசியில் இரண்டாம் அடுப்பு கெட்டது. அந்த அடுப்பில் தீயும் புகையும் இரும்புக் குழாய்களுக்குள்ளே ஓடும். குழாய்களைச் சுற்றி வரும் காற்று சூடேறித் தேயிலையை உலர்த்தும். காற்றும் புகையும் ஒன்றையொன்று தொடவே கூடாது. குழாய்களில் வெடிப்பு விழுந்து, தொட்டுவிட்டது. புகை வாடை அடிக்கிறது என்று கொச்சி ஏலத்திலிருந்து பெட்டிகள் திரும்பி வந்தன.

தேயிலைப் பக்குவம் பார்க்கிற டீமேக்கர் ஏசுரத்தினம் அந்த அடுப்பை நிறுத்தச் சொன்னார். "தேயில பொல்லாத பண்டம்ல. பக்கத்துல ஒருத்தன் பீடி குடிச்சாக்கூட அந்த வாடையத் தூக்கி வச்சுக்கிடும்" என்றார். புதுக் குழாய்கள் வர நாலு மாசம் ஆகும் என்றார்கள்.

ஒரு அடுப்பு நாலு மாசம் சும்மா கிடப்பதை என்னால் பார்க்க முடியவில்லை. விறகுக் கொட்டடியில் மரத்தூளும் ஈரப்பட்டையும் மலையாகக் குவிந்து மக்கிக்கொண்டிருந்தன. சுவருக்கு அந்தப்பக்கம் சின்னத்தாய் கொட்டகை வாசலில் நல்ல விறகைப் போட்டுப் பிள்ளைகளுக்குக் குளிர்காய வைத்துக்கொண்டிருந்தாள். அந்தச் சூட்டில் பாதி வானத்துக்குப் போனது. மூன்றையும் சேர்த்துப் பார்த்தேன். கெட்ட அடுப்பில் குப்பையை எரித்து, அந்தக் காற்றைத் தகரக்குழாய் வழியாகச் சுவரைத் துளைத்துக் கொட்டகைக்குள் விட்டால் ஒரு விறகுகூடச் செலவில்லை.

துரை, "புகை?" என்று கேட்டார்.

"தேயிலைக்குத்தான் வாடை பிடிக்கும் துரை. பிள்ளைகளுக்குப் பிடிக்காது" என்றேன்.

அவர் என் தோளில் தட்டினார்.

சூடு வெளியே போகாமல் கொட்டகையின் இரண்டு சன்னலையும் சாக்கு வைத்து ஆணி அடித்தேன். நாலே நாளில் பிள்ளைகள் அழுவது நின்றது. முன்பெல்லாம் அந்தச் சத்தம் மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்கும். இப்போது எல்லாம் வரிசையாகப் படுத்துத் தூங்கின. பால்கூட மிஞ்சியது. கொழுந்து போட்டுவிட்டு வருகிற தாய்மார் என்னைப் பார்த்துக் கும்பிட்டார்கள்.

சின்னத்தாய் மட்டும் பின்னாலேயே வந்து புலம்பினாள். "பிள்ளைக பாலக் கண்டா ஓங்கரிக்கி. உலுக்கி எழுப்புனாலும் முழிக்க மாட்டேங்கி. எனக்கும் மண்ட பொளக்கு. ஒரு சன்னலயாவது தொறக்கட்டாப்பா?"

"திறந்தா சூடு போயிரும்க்கா" என்றேன். அது உண்மைதான்.

ஆடியில் இரண்டாவது செவ்வாய்க்கிழமை. மழை விடாமல் பெய்தது. காலையில் சாந்தம்மாள் குருவம்மாளைச் சாக்கில் பொதிந்து தூக்கி வந்தாள். "இன்னிக்கு இழுப்பு கூடுதலா இருக்குங்க. கொஞ்சம் சூடு கூட்டி வைங்க" என்று சொல்லிவிட்டுக் கொழுந்துக்குப் போனாள்.

நான் கூட்டி வைத்தேன். அடுப்பு நிறைய ஈர மரத்தூளைத் திணித்தேன். புகைபோக்கிக் கதவை முக்கால்வாசி மூடினேன். அப்படி மூடினால் சூடு மேலே போய் வீணாகாது. தூளும் புகைந்து புகைந்து சாயங்காலம்வரை தாங்கும்.

சின்னத்தாய் பதினொரு மணிக்குப் பீத்துணி அலசக் குழாயடிக்குப் போனாள். வாளி நிறைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. திரும்பி வந்து கதவைத் திறந்தவள் ஒவ்வொரு பிள்ளையாகத் தூக்கிக்கொண்டு வந்து மழையில் போட்டாள். ஆறு பிள்ளைகள் மழை பட்டதும் அழுதன. ஐந்து அழவில்லை. குருவம்மாளின் கன்னம் நல்ல சிவப்பாக இருந்தது. அவளை அவ்வளவு ஆரோக்கியமாக நான் பார்த்ததில்லை. இழுப்பும் நின்றிருந்தது.

கொழுந்துக் காட்டிலிருந்து தாய்மார் ஓடி வருவதற்குள் எனக்குக் கால் மணி நேரம் கிடைத்தது. தகரக்குழாயைப் பிடுங்கிச் சுவர்த்துளையைப் பலகையால் மூடினேன். சின்னத்தாயின் பழைய கரிச்சட்டியில் தணல் அள்ளிப் போட்டுக் கொட்டகை நடுவில் வைத்தேன். அவள் முற்றத்தில் பிள்ளைகளின் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கவில்லை. கடைசியாகக் குழாயில் இருந்த மரக்கட்டையையும் பிடுங்கினேன்.

தணலை உள்ளே வைத்துவிட்டு அவள் ஊர்க்கதை பேசப் போய்விட்டாள் என்று உங்களிடம் சொன்னது நான்தான். தகரக்குழாயைப் பற்றித் துரை வாயைத் திறக்கவில்லை. துரைக்குப் பயந்து லயத்து ஆட்களும் திறக்கவில்லை; சின்னத்தாய் சொன்னதை நீங்கள் நம்பவில்லை. ஒரு வாளித் தண்ணீர் பிடிக்க ஒரு மணி நேரமா என்று நீங்கள் அவளைக் கேட்டீர்கள். ஆமா என்றாள். நீங்கள் குழாயைத் திறந்து பார்த்தீர்கள். தண்ணீர் சீறிக்கொண்டு வந்தது. அன்றைக்கே அவளை ஜீப்பில் ஏற்றினீர்கள்.

கொச்சியிலிருந்து திரும்பி வந்த தேயிலைப் பெட்டிகள் கொட்டடியில் கிடந்தன. ஐந்து பிள்ளைகளுக்கும் அளவு சரியாக இருந்தது. புதுப்பலகை அறுக்க வேண்டியிருக்கவில்லை.

ஆவணியில் துரை எனக்கு வீட்டைக் கொடுத்தார். முதல் மழையில் சாந்தம்மாள் நடுக்கூடத்தில் நின்று வெகுநேரம் ஓட்டுக்கூரையைப் பார்த்தாள். "ஒழுகலதான். பிள்ளைய எந்த மூலையில படுக்கப் போடட்டும்?" என்று கேட்டாள். மறுநாள் போடிமெட்டு வழியாக அவள் அண்ணன் ஊருக்கு இறங்கிப் போய்விட்டாள்.

இப்போது ஏன் சொல்கிறேன் என்று கேட்டீர்கள். தப்புச் செய்யாத ஒருத்தியைப் பூட்டிவைத்து அவளுக்குக் காவலும் சோறும் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். மூன்று மாசமாகிறது. அது வீண் செலவு. வேறு காரணம் இல்லை. ஐந்து பிள்ளைகள் செத்தது என் கெட்ட நேரம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நல்லதுக்குத்தானே செய்தேன். என் பிள்ளையையும் அங்கேதானே படுக்க வைத்தேன்.

இரண்டாம் தாளின் பின்பக்கத்தில் இன்னும் நாலு விரல் இடம் இருக்கிறது. அதை வெறுமனே விட வேண்டாம்.

சின்னத்தாய் மண்டையிடி என்று சொன்ன அன்றே நான் சோதித்துப் பார்த்துவிட்டேன். பிள்ளைகள் சாவதற்கு மூன்று வாரத்துக்கு முன்பு. நல்ல தேயிலைத் தூள் ஒரு பிடி எடுத்து, ஒரு தட்டில் பரப்பி, குருவம்மாளின் தலைமாட்டில் காலையிலிருந்து மத்தியானம்வரை வைத்தேன். பிறகு ஏசுரத்தினத்திடம் கொண்டுபோய் நீட்டினேன். அவர் மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இத எங்கல வச்சிருந்த? முழுக்கப் புகை ஏறிப்போச்சு. தொடாத, தூரக் கொட்டு" என்றார்.

கொட்டினேன். பலகை மாட்டிய நாளிலிருந்து நான் வீணாக்கியது அந்த ஒரு பிடித் தூள் மட்டும்தான்.